சர்க்கரை நோயாளிக்குக் கொலஸ்ட்ரால் 192 ‘நார்மல்’ ஆகுமா?

ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும் நான்கு ஆண்டுகளாக ரத்த அழுத்தமும் உள்ள தங்கள் தந்தைக்கு வயது 52 என்றும், அண்மையில் வெறும் வயிற்றில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் மொத்தக் கொலஸ்ட்ரால் 192, ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள இன்னொரு வகைக் கொழுப்பு) 228, எச்.டி.எல். (‘நல்ல’ கொலஸ்ட்ரால்) 34, எல்.டி.எல். (‘கெட்ட’ கொலஸ்ட்ரால்) 112, எச்.பி.ஏ.1சி (ஏறத்தாழ மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு) 7.6 என்று வந்திருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். மருத்துவர் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ‘ஸ்டேட்டின்’ வகை மாத்திரையான அட்டோர்வாஸ்டேட்டின் 20 மி.கி. எழுதிக் கொடுத்தும், “கொலஸ்ட்ரால் 200-க்குக் கீழேதானே இருக்கிறது, இ.சி.ஜி.யும் நார்மல், எனக்கு எதற்கு இந்த மாத்திரை?” என்று சொல்லி அவர் அட்டையைப் பிரிக்காமலேயே வைத்திருக்கிறார். உணவைக் கட்டுப்படுத்தினால் போதாதா என்பது அவருடைய கேள்வி. இந்த மாத்திரை சர்க்கரையையே கூட்டிவிடும் என்று கேள்விப்பட்டது உண்மையா என்பது உங்களுடைய கேள்வி.

அவர் அந்த மாத்திரையைச் சாப்பிடத் தொடங்க வேண்டும் என்பதே என் பதில். அவரை நேரில் பார்த்த மருத்துவரின் முடிவில் எனக்கு மாற்றுக் கருத்து எதுவும் இல்லை. ஆனால் பல ஆண்டுகள் தொடர்ந்து சாப்பிட வேண்டிய மருந்தை ‘டாக்டர் சொன்னார்’ என்பதற்காக மட்டும் யாரும் நெடுங்காலம் சாப்பிடுவதில்லை. மூன்றாவது மாதமே நிறுத்திவிடுகிறார்கள். எதற்காகச் சாப்பிடுகிறோம் என்று புரிந்தவர்கள்தான் தொடர்கிறார்கள் என்பதை என் வெளிநோயாளர் அறையில் மீண்டும் மீண்டும் பார்த்திருப்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த 200 என்ற எல்லைக்கோட்டைப் பார்ப்போம். அறிக்கையின் வலது ஓரத்தில் அச்சாகியிருக்கும் அளவுகள் பொதுமக்கள் அனைவரையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அந்த அறிக்கையை அச்சிடும் கணினிக்கு உங்கள் தந்தைக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரியாது. மேலும், மொத்தக் கொலஸ்ட்ரால் என்பது நல்லதையும் கெட்டதையும் சேர்த்துக் கூட்டிய தொகை. அவருடைய எச்.டி.எல். 34 என்று தாழ்ந்து கிடப்பதால்தான் அந்தக் கூட்டுத்தொகை 200-க்குள் அடங்கியிருக்கிறது. மற்றவை எல்லாம் இப்படியே இருந்து, எச்.டி.எல். மட்டும் 50 ஆக இருந்திருந்தால் மொத்தம் 208 என்று வந்திருக்கும். அறிக்கையில் அது தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கும். அவரும் பயந்துபோய் மாத்திரையைச் சாப்பிட்டிருப்பார். ஆனால் உண்மையில் அந்த 208-ஐ விட இந்த 192-தான் அதிக ஆபத்தானது.

இது அவர் ஒருவருடைய நிலை மட்டுமல்ல. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய பகுதிகளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து, 2014-இல் வெளியான ஆய்வு ஒன்றில், மொத்தக் கொலஸ்ட்ரால் அதிகமாக இருந்தவர்கள் ஏறத்தாழ 14 விழுக்காட்டினர் மட்டுமே, எச்.டி.எல். குறைவாக இருந்தவர்களோ 72 விழுக்காட்டினர். நம் மக்களிடம் மொத்தக் கொலஸ்ட்ராலை மட்டும் பார்த்து ‘நார்மல்’ என்று சொல்வது, கண் பெரிதான சல்லடையில் ரவை சலிப்பது போன்றது.

ஆகவே, அறிக்கை கைக்கு வந்ததும் நீங்களே ஒரு சிறு கழித்தல் போட்டுப் பாருங்கள். மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்.டி.எல்.-ஐக் கழித்தால் வருவது, ரத்தக்குழாய்ச் சுவரில் படியக்கூடிய எல்லாக் கொழுப்புத் துகள்களிலும் உள்ள கொலஸ்ட்ராலின் தொகை. உங்கள் தந்தைக்கு 192-இல் 34 போக, 158. அவரைப் போல நாற்பது வயதைக் கடந்து, சர்க்கரை நோயோடு ரத்த அழுத்தமும் சேர்ந்தவருக்கு, இதுவரை மாரடைப்போ பக்கவாதமோ வந்திராவிட்டாலும், இன்றைய வழிகாட்டுதல்கள் எல்.டி.எல். 70-க்குக் கீழும், இந்தக் கழித்தல் தொகை 100-க்குக் கீழும் இருக்க வேண்டும் என்கின்றன. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவராக இருந்தால் எல்.டி.எல். 55-க்குக் கீழே இறங்க வேண்டும். 158-க்கும் 100-க்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை அவருக்குக் காட்டுங்கள். 200-ஐ அவர் மறந்துவிடலாம்.

சர்க்கரை நோய்க்கும் கொழுப்புக்கும் என்ன தொடர்பு என்பது பலருக்கும் விளங்காத இடம். இன்சுலின் ரத்தத்தில் உள்ள சர்க்கரையைத் திசுக்களுக்குள் அனுப்புகிறது என்று மட்டும்தான் நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். அதற்கு இன்னொரு வேலையும் உண்டு: உடலின் கொழுப்புச் சேமிப்பு வீணாகக் கரைந்து வெளியேறாதபடி பூட்டி வைப்பதும் இன்சுலின்தான். இன்சுலினின் சொல்லை உடல் கேட்காத நிலையில், அந்தப் பூட்டு தளர்ந்து, கொழுப்பு அமிலங்கள் இரவும் பகலும் கல்லீரலுக்குப் போய்ச் சேர்கின்றன. வந்து குவிந்ததைக் கல்லீரல் ட்ரைகிளிசரைடாக மாற்றி, பொட்டலம் கட்டி, மறுபடியும் ரத்தத்திலேயே அனுப்புகிறது. இந்தப் பொட்டலங்கள் எச்.டி.எல்., எல்.டி.எல். துகள்களோடு பண்டமாற்றுச் செய்து, அவற்றுக்கு ட்ரைகிளிசரைடைக் கொடுத்துவிட்டுக் கொலஸ்ட்ராலை வாங்கிக்கொள்கின்றன. இப்படி மாறிய எச்.டி.எல். சீக்கிரமே ரத்தத்திலிருந்து அகற்றப்பட்டுவிடுவதால் அதன் அளவு குறைகிறது. எல்.டி.எல். துகள்களோ சிறுத்து, இறுகி, எண்ணிக்கையில் பெருகுகின்றன. ட்ரைகிளிசரைடு உயர்வு, எச்.டி.எல். தாழ்வு, சிறுத்த எல்.டி.எல். என்ற இந்த மூன்றும் சர்க்கரை நோயின் கைரேகை. உங்கள் தந்தையின் அறிக்கையில் முதல் இரண்டும் எழுத்திலேயே இருக்கின்றன, மூன்றாவது மறைந்திருக்கிறது.

துகள்களின் எண்ணிக்கை ஏன் முக்கியம் என்று கேட்கலாம். நூறு மூட்டை நெல்லை ஒரே லாரியில் ஏற்றினாலும் நூறு மூட்டைதான். இருபது சிறு வண்டிகளில் ஏற்றினாலும் நூறு மூட்டைதான். எடை போடுபவருக்கு வித்தியாசம் தெரியாது, சாலைக்குத்தான் தெரியும். பரிசோதனைக்கூடம் சொல்லும் 112 என்பது மூட்டைக் கணக்கு. சர்க்கரை நோயாளியின் ரத்தக்குழாயில் அந்த 112-ஐச் சுமந்து ஓடும் சிறு வண்டிகள், நோய் இல்லாதவருக்கு ஓடுவதை விட அதிகம். ஒவ்வொரு துகளும் குழாய்ச் சுவருக்குள் நுழைந்து தங்கக்கூடிய ஒன்று என்பதால், ஒரே எல்.டி.எல். அளவு இருவருக்கும் ஒரே பொருள் தருவதில்லை.

இங்கே சிறு குறிப்பு ஒன்று. பெரும்பாலான கூடங்களில் எல்.டி.எல். நேரடியாக அளக்கப்படுவதில்லை, 1972-இல் வந்த ஒரு சூத்திரத்தின்படி, மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.-ஐயும் ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்து எழுதுகிறார்கள். 228-இல் ஐந்தில் ஒரு பங்கு 46; 192-இலிருந்து 34-ம் 46-ம் போனால் உங்கள் அறிக்கையில் உள்ள அதே 112 வரும். ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது. அப்போது எல்.டி.எல்.-ஐ நேரடியாக அளக்கச் சொல்ல வேண்டும்.

இனி, மாத்திரை உண்மையில் காப்பாற்றுகிறதா என்ற கேள்விக்கு வருகிறேன். பிரிட்டனில் சர்க்கரை நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த பெரிய ஆய்வொன்று, யாருக்கு இதயக்குழாய் நோய் வருகிறது என்பதை முன்கூட்டியே காட்டிய காரணிகளை 1998-இல் வரிசைப்படுத்தியது. எல்லோரும் முதலிடத்தில் எதிர்பார்த்தது சர்க்கரையை. முதலிடத்தில் இருந்ததோ எல்.டி.எல்., இரண்டாவது எச்.டி.எல். குறைவு, சர்க்கரை அளவு, ரத்த அழுத்தம், புகைபிடித்தல் ஆகியவை அவற்றுக்குப் பிறகே வந்தன. சர்க்கரைக் கட்டுப்பாடு கண்ணையும் சிறுநீரகத்தையும் நரம்பையும் காப்பதில் முதன்மையானது. இதயத்தைக் காக்க அது மட்டும் போதாது.

அதே பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்து, 2004-இல் வெளியான ‘கார்ட்ஸ்’ ஆய்வைத்தான் உங்கள் தந்தைக்கு முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் அதில் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ அவரைப் போன்றவர்களே. 40 முதல் 75 வயது வரையிலான 2,838 சர்க்கரை நோயாளிகள். அதுவரை யாருக்கும் மாரடைப்போ பக்கவாதமோ வந்ததில்லை. ஆனால் ரத்த அழுத்தம், புகைப்பழக்கம், கண் பாதிப்பு, சிறுநீரில் புரதம் ஆகியவற்றுள் குறைந்தது ஒன்றாவது இருந்தது. அவர்களுடைய சராசரி எல்.டி.எல். 118 அளவில்தான் இருந்தது. உங்கள் தந்தையின் 112-க்கு மிக அருகில். பாதிப் பேருக்கு அட்டோர்வாஸ்டேட்டின் 10 மி.கி., மீதிப் பேருக்கு அதே தோற்றமுடைய வெற்று மாத்திரை. மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய நிகழ்வுகள் மருந்து சாப்பிட்டவர்களிடம் 37 விழுக்காடு குறைந்தன. பக்கவாதம் மட்டும் எடுத்துக்கொண்டால் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால், ஆய்வைத் திட்டமிட்டதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே நிறுத்தினார்கள். ‘நார்மல்’ கொலஸ்ட்ரால் உள்ள சர்க்கரை நோயாளிக்கு ஸ்டேட்டின் எதற்கு என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியாது.

வயதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 52 நாடுகளில் மாரடைப்பு நோயாளிகளை ஆராய்ந்த ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த வயது 53 ஆகவும், மற்ற நாட்டவர்களுக்கு ஏறத்தாழ 59 ஆகவும் இருந்தது. உங்கள் தந்தைக்கு இப்போது 52. அச்சமூட்டுவதற்காக இதை எழுதவில்லை; ‘இன்னும் பத்து வருடம் போகட்டும், பிறகு பார்க்கலாம்’ என்று நினைக்கும் வசதி நம்மவர்களுக்கு இல்லை என்பதற்காக எழுதுகிறேன்.

இ.சி.ஜி. நார்மல் என்று அவர் சொல்வதும் ஆறுதல் தரும் செய்திதான், ஆனால் அது சொல்லும் செய்தி மிகச் சிறியது. எடுத்த நேரத்தில் இதயத் தசை பாதிப்பின்றி இருக்கிறது என்று மட்டுமே அது காட்டும். குழாய்ச் சுவரில் கொழுப்புப் படிவு இருக்கிறதா என்பதை அது காட்டாது. மாரடைப்புகளில் பல, அதுவரை பெரிய அடைப்பாகவே இல்லாத ஒரு படிவு திடீரெனக் கிழிந்து, அதன்மேல் ரத்தம் உறைவதால் வருபவை. ஸ்டேட்டின் எல்.டி.எல்.-ஐக் குறைப்பதோடு, இப்படிக் கிழியக்கூடிய படிவுகளை உறுதிப்படுத்தவும் செய்கிறது. இன்னொன்று: நெடுநாள் சர்க்கரை நோயில் நரம்புகள் மங்கிவிடுவதால், மாரடைப்பு வந்தாலும் நெஞ்சுவலி தெரியாமல் போகலாம். திடீர் மூச்சிரைப்பு, காரணமில்லாத வியர்வை, தாடையிலோ கையிலோ மேல்வயிற்றிலோ ஏற்படும் அழுத்தம், சொல்லத் தெரியாத பெரும் களைப்பு ஆகியவற்றை ‘வாயு’ என்று வைத்துக்கொண்டு சோடா குடித்துப் படுத்துவிடக் கூடாது. அந்த நேரத்தில் 108-ஐ அழைக்க வேண்டும்.

இப்போது உங்கள் கேள்வி. ஸ்டேட்டின் சர்க்கரையைக் கூட்டுமா? ஆம், சிறிது கூட்டும். 13 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2010-இல் வெளியான கணக்கின்படி, 255 பேர் நான்கு ஆண்டுகள் ஸ்டேட்டின் சாப்பிட்டால், அவர்களில் ஒருவருக்குக் கூடுதலாகப் புதிய சர்க்கரை நோய் வருகிறது. அதுவும் பெரும்பாலும் ஏற்கெனவே எல்லையில் நிற்பவர்களுக்கு. நோய் ஏற்கெனவே உள்ளவருக்கு எச்.பி.ஏ.1சி ஒரு புள்ளியில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு உயரலாம், 7.6 என்பது 7.7 ஆகலாம். மாலை நடையை அரை மணி நேரம் கூட்டினால் ஈடுகட்டிவிடக்கூடிய வித்தியாசம் அது. அதற்கு எதிராக மறுதட்டில் இருப்பது மாரடைப்பும் பக்கவாதமும். பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட சர்க்கரை நோயாளிகளின் தரவுகளைத் திரட்டி 2008-இல் வெளியான பகுப்பாய்வில், எல்.டி.எல். ஏறத்தாழ 39 மி.கி. குறையும் ஒவ்வொரு படிக்கும் பெரிய இதய, ரத்தக்குழாய் நிகழ்வுகள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. தராசின் எந்தத் தட்டு தாழ்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

தசைவலிதான் மக்கள் மாத்திரையை நிறுத்துவதற்கு முதல் காரணம். ஸ்டேட்டினால் தசைவலி வருவது உண்மை. ஆனால் ஸ்டேட்டின் சாப்பிடுபவருக்கு வரும் வலியெல்லாம் ஸ்டேட்டினால் வருவதல்ல. பக்கவிளைவுகள் தாங்காமல் மாத்திரையை நிறுத்திவிட்ட 60 பேரைக் கொண்டு லண்டனில் நடந்த ஓர் ஆய்வு 2020-இல் வெளியானது. சில மாதங்கள் உண்மையான மருந்து, சில மாதங்கள் வெற்று மாத்திரை, சில மாதங்கள் எதுவுமில்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்து, ஒவ்வொரு நாளும் தொந்தரவின் அளவைக் குறித்துக்கொள்ளச் சொன்னார்கள். மருந்தின்போது ஏற்பட்ட தொந்தரவில் பத்தில் ஒன்பது பங்கு வெற்று மாத்திரையின்போதும் ஏற்பட்டது. இதனால் அவர்களுடைய வலி பொய் என்று ஆகிவிடாது. வலி மெய், காரணம்தான் வேறு. பக்கவிளைவு வரும் என்று எதிர்பார்த்துச் சாப்பிடும்போது உடலும் அதைத் தேடத் தொடங்கிவிடுகிறது. அதனால் உங்கள் தந்தையிடம் பக்கவிளைவுப் பட்டியலைப் படித்துக் காட்டாதீர்கள். இரண்டு தொடைகளிலும் அல்லது இரண்டு தோள்களிலும் ஒரே நேரத்தில் வலியும் பலவீனமும் வந்தால், அல்லது சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால், உடனே மருத்துவரிடம் போக வேண்டும் என்பதை மட்டும் சொல்லி வையுங்கள். அப்படி உண்மையாகவே ஒத்துக்கொள்ளாவிட்டாலும் கதவு மூடிவிடாது: அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டேட்டினுக்கு மாறலாம், ஒருநாள் விட்டு ஒருநாள் ரோசுவாஸ்டேட்டின் கொடுக்கலாம், ஸ்டேட்டின் அல்லாத கொலஸ்ட்ரால் மருந்துகளான எஸெட்டிமைபோ பெம்படோயிக் அமிலமோ தரலாம்.

கல்லீரல் கெட்டுவிடும், சிறுநீரகம் கெட்டுவிடும் என்ற பயத்துக்கும் அவருடைய நிலையில் இடமில்லை. தொடக்கத்தில் ஒருமுறை கல்லீரல் நொதிகளைப் பார்த்துக்கொண்டால் போதும். அவை இயல்பின் மேல்எல்லையைப் போல மும்மடங்கைத் தாண்டினால்தான் யோசிக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளிடம் மிகச் சாதாரணமாகக் காணப்படும் கொழுப்புக் கல்லீரல், ஸ்டேட்டினை மறுப்பதற்குக் காரணமல்ல. ‘ரசாயன மருந்து’ என்று தயங்குபவர்களுக்கு நான் ஒன்று சொல்வதுண்டு: ஜப்பானின் அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, 1970-களின் தொடக்கத்தில் ஒரு பென்சிலியம் பூஞ்சையிலிருந்துதான் முதல் ஸ்டேட்டினைப் பிரித்தெடுத்தார். கர்ப்பிணிகளும் கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்களும் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடரக் கூடாது. கிளாரித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாடிக் மருந்துகள் அட்டோர்வாஸ்டேட்டினின் அளவை ரத்தத்தில் உயர்த்திவிடும் என்பதால், வேறு எந்த மருத்துவரிடம் போனாலும் சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டைக் கையில் கொண்டுபோக வேண்டும்.

உணவு மட்டும் போதாதா என்ற அவருடைய கேள்விக்கு என் பதில், உணவு வேண்டும், ஆனால் அது மாத்திரையின் இடத்தை நிரப்பாது என்பதே. உடலில் உள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி கல்லீரலும் மற்றத் திசுக்களும் தாமே தயாரிப்பது. நல்ல உணவு முறை எல்.டி.எல்.-ஐப் பத்து, பதினைந்து விழுக்காடு குறைத்தாலே பெரிய வெற்றி. 112 என்பது 97 ஆகும். அவருக்கு வேண்டியதோ 70-க்குக் கீழே. அட்டோர்வாஸ்டேட்டின் 20 மி.கி. எல்.டி.எல்.-ஐ ஏறத்தாழ நாற்பது விழுக்காடு குறைக்கும். அதையும் உணவையும் சேர்த்தால் 65-ஐ ஒட்டி இறங்க வாய்ப்பு உண்டு.

ஆனால் ட்ரைகிளிசரைடு வேறு கதை. அங்கே உணவுதான் முதல் மருந்து. எண்ணெய்ப் பலகாரத்தை நிறுத்திவிட்டேன், முட்டையைத் தொடுவதில்லை, இருந்தும் ஏன் 228 என்று கேட்பவர்களின் தட்டில் பெரும்பாலும் இருப்பது வெள்ளைச் சோறு. காலையில் ஐந்து இட்லி, மதியம் சாம்பாருக்கும் ரசத்துக்கும் மோருக்குமாக மூன்று முறை சோறு, நடுவே சர்க்கரை போட்ட இரண்டு டீயும் பிஸ்கட்டும், இரவு தோசை என்றால், தேவைக்கு மேல் வந்த மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றி ட்ரைகிளிசரைடாக அனுப்புகிறது. ‘கொழுப்பு’ என்ற பெயரைக் கேட்டதும் நாம் எண்ணெயை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிடுகிறோம். மதியச் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் ஒரு கிண்ணம் கீரைக்கூட்டோ அவரைக்காய்ப் பொரியலோ, ஒரு கிண்ணம் கெட்டியான பருப்போ சுண்டலோ வைத்தால், சர்க்கரை அளவும் ட்ரைகிளிசரைடும் சேர்ந்தே இறங்குவதை ஆறு வாரங்களில் பார்க்கலாம். பழச்சாறு வேண்டாம், கொய்யாவைப் பழமாகக் கடித்துச் சாப்பிடலாம். மது அருந்தும் பழக்கம் இருந்தால், அவர் வெட்கப்படாமல் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும், ஏனெனில் ட்ரைகிளிசரைடை அது மிக வேகமாக உயர்த்தும்.

எண்ணெயைப் பொறுத்தவரை, எது என்பதோடு எவ்வளவு என்பதையும் கேட்க வேண்டும். தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு, பாமாயிலில் பாதி, நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் ஐந்தில் ஒரு பங்கு அளவே. நிறைவுற்ற கொழுப்புதான் எல்.டி.எல்.-ஐ உயர்த்துவது. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2020-இல் வெளியான பகுப்பாய்வு, தேங்காய் எண்ணெய் மற்றத் தாவர எண்ணெய்களை விட எல்.டி.எல்.-ஐச் சுமார் 10 மி.கி. உயர்த்துவதாகக் கண்டது. அதனால் அன்றாடச் சமையலுக்கு நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ நல்லது. பொரியலில் தூவும் ஒரு கைப்பிடித் தேங்காய்த் துருவலுக்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் எந்த எண்ணெயானாலும் வீட்டில் ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் என்பது என் கணக்கு. நான்கு பேர் உள்ள வீட்டில் ஐந்து லிட்டர் கேன் ஒரே மாதத்தில் தீர்ந்தால், எந்த எண்ணெய் என்ற விவாதத்துக்குப் பொருளில்லை. பொட்டலத்தில் ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். தாவர எண்ணெய் எதிலும் கொலஸ்ட்ரால் பொருட்படுத்தும் அளவில் இருப்பதில்லை.

‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்ற பழமொழியைச் சொல்லி, கொள்ளு ரசமே போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. கொள்ளு நல்ல பயறு. நார்ச்சத்தும் புரதமும் நிறைந்தது. வாரத்தில் மூன்று நாள் ரசமாகவும் சுண்டலாகவும் சாப்பிடட்டும். வெந்தயம், வெண்டைக்காய், ஓட்ஸ், பார்லி ஆகியவற்றில் உள்ள கரையும் நார்ச்சத்து குடலில் பித்த உப்புகளைப் பிடித்து வைத்துக்கொள்வதால் எல்.டி.எல். ஓரளவு குறைகிறது என்பதும் உண்மை. இவையெல்லாம் மாத்திரைக்குத் துணையாக நிற்பவை. மத்தி, அயிலை போன்ற மீன்களைக் குழம்பாக வைத்து வாரம் இருமுறை சாப்பிடலாம். வறுத்துச் சாப்பிட்டால் பயன் குறையும். கடையில் விற்கும் சாதாரண மீன் எண்ணெய் மாத்திரையை மாரடைப்பைத் தடுக்கும் மருந்தாக எண்ணிப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை.

எச்.டி.எல். 34-ஐ உயர்த்த மருந்து இல்லையா என்று கேட்கக்கூடும். எச்.டி.எல்.-ஐ உயர்த்தும் மருந்துகளைப் பெரிய ஆய்வுகளில் சோதித்தார்கள். எண் உயர்ந்தது, பலன் கிடைக்கவில்லை. நியாசின் அப்படித்தான் கைவிடப்பட்டது. நாள்தோறும் வேகநடை, இடுப்புச் சுற்றளவைக் குறைத்தல், பீடி சிகரெட்டை விடுதல் ஆகியவற்றால் அது உயரும் அளவு உயரட்டும். அந்த எண்ணைத் துரத்த வேண்டாம்.

ட்ரைகிளிசரைடுக்கென்று ஃபீனோஃபைப்ரேட் போன்ற மருந்தை இப்போதே சேர்ப்பதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஸ்டேட்டினோடு ஃபீனோஃபைப்ரேட்டைச் சேர்த்துப் பார்த்த 2010-ஆம் ஆண்டு ஆய்விலும், அதே குடும்பத்தின் புதிய மருந்தான பெமாஃபைப்ரேட்டைச் சோதித்த 2022-ஆம் ஆண்டு ஆய்விலும், மாரடைப்பும் பக்கவாதமும் ஒட்டுமொத்தமாகக் குறையவில்லை. ட்ரைகிளிசரைடு 500-ஐத் தாண்டினால் கதை மாறும். அப்போது கணைய அழற்சி வரும் ஆபத்து இருப்பதால், அதைக் குறைக்கும் மருந்து காத்திருக்கக் கூடாது. 228 என்பது சோற்றாலும் நடையாலும் சர்க்கரைக் கட்டுப்பாட்டாலும் இறங்கக்கூடிய எண்.

மருந்தைத் தொடங்கும் முன் தைராய்டுப் பரிசோதனை ஒன்று செய்திருக்கிறதா என்று பாருங்கள். தைராய்டு குறைவாகச் சுரந்தாலே எல்.டி.எல். உயரும், அதைக் கவனிக்காமல் ஸ்டேட்டின் கொடுத்தால் தசைவலி வரும் வாய்ப்பும் கூடும். சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதத்தின் அளவையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. டென்மார்க்கில் 160 சர்க்கரை நோயாளிகளைக் கொண்டு நடந்த ‘ஸ்டெனோ-2’ ஆய்வில், சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் ஒரே நேரத்தில் தீவிரமாகக் கட்டுப்படுத்தியவர்கள், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களை விட ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தார்கள் என்று 2016-இல் தெரியவந்தது. மூன்றையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவதன் காரணம் அதுதான்.

மாத்திரையை நாளின் எந்த நேரத்திலும் சாப்பிடலாம். அட்டோர்வாஸ்டேட்டினுக்கு இரவு என்ற கட்டாயம் இல்லை. சர்க்கரை மாத்திரையோடு சேர்த்துக் காலையில் சாப்பிட்டால் மறக்காது என்றால் அப்படியே செய்யட்டும். தொடங்கி ஆறிலிருந்து எட்டு வாரங்களுக்குள் மறுபரிசோதனை எடுக்க வேண்டும். எல்.டி.எல். 70-க்குக் கீழே வராவிட்டால் அளவைக் கூட்டலாம். ஆனால் ஸ்டேட்டினின் அளவை இருமடங்காக்கினாலும் கூடுதலாகக் குறைவது ஆறு விழுக்காடு அளவே என்பதால், சிலருக்கு எஸெட்டிமைப் 10 மி.கி. சேர்ப்பதே பயன் தரும். இலக்கை எட்டிவிட்டால், பிறகு ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். 65 வந்துவிட்டது, இனி எதற்கு மாத்திரை என்று நிறுத்தினால் சில வாரங்களிலேயே பழைய 112 திரும்பிவிடும். ரத்த அழுத்த மாத்திரைக்கு இருக்கும் அதே நியாயம்தான் இதற்கும்.

மறுபரிசோதனை அறிக்கையையும் இப்போதைய அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முன்பு சொன்ன கழித்தலை அவரையே பென்சிலால் போடச் சொல்லுங்கள். 158 எங்கே வந்து நிற்கிறது என்பதைப் பார்த்துவிட்டு, இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.